சுழி சுத்தமான குதிரை

அம்முணி,

போன ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் நீ என்னைப் பார்த்து, "ஏம்மா, அப்பாவுக்கு இந்தக் கண்ணாலத்துல இஷ்டமே இல்லையா?" என்று கேட்டாய். அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும் நீ என் பக்கம் திரும்பவில்லை. உன் கோபத்தில் தப்பு ஒன்றும் இல்லை. சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக நம் வீட்டில் கை நனைக்க உட்கார்ந்திருக்கிறார்கள். உன் மாமனாராகப் போகிறவர் சிரித்துக்கொண்டே, "மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு வெள்ளைக் குதிரைக்குச் சொல்லியிருக்கறமுங்க" என்கிறார். உன் அப்பா கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டுவிட்டு எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விடுகிறார். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? உன் மாமியார் முகம் சுருங்கியதை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன்.

குதிரை வரட்டும், கண்ணு. அதை நிறுத்தச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அன்று சாயங்காலமே அப்பா சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பி, குதிரையோடு வரும்படி சொல்லிவிட்டார். ஆனால் அவர் ஏன் எழுந்து போனார் என்பதை நீ தெரிந்துகொண்டுதான் மணவறையில் உட்கார வேண்டும். அதை இந்த வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியாது. எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் நாங்கள் பேசாத விஷயம் என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான். அதனால் எழுதுகிறேன். எட்டாவது படித்தவளின் கையெழுத்து, பொறுமையாகப் படி.

முன்னறையில் மாலை போட்ட படத்தில் இருக்கிறாரே உன் சித்தப்பா நாச்சிமுத்து, அவர் காமாலையில் போனார் என்றுதான் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அவர் காமாலையில் போகவில்லை. மாப்பிள்ளைக் கோலத்தில், வெள்ளைக் குதிரையின் மேல் உட்கார்ந்து ஊர்வலம் வந்தவரை, பாதி வழியில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுபடி அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்தக் குதிரையினால் வந்த வினை அல்ல அது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் நாங்கள் ஏலத்தில் எடுத்து ஓட்டிவந்த வேறொரு குதிரையினால் வந்தது. அந்தக் குதிரையை ஓட்டிவந்தபோது முன்னால் போன வண்டியில் நீயும் இருந்தாய். உனக்கு அப்போது நாலு வயது.

உன் சித்தப்பாவுக்குக் குதிரை என்றால் உயிர். ஆடி மாதம் வந்தால் அந்தியூர்ப் பண்டிகைக்குப் போய், அங்கே கட்டியிருக்கும் குதிரைகளை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வருவார். ஒன்று வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் அண்ணனைக் கேட்பார். "ஏருக்கு ஆகாத சீவனுக்கு எதுக்குடா தீனி?" என்று உன் அப்பா ஒவ்வொரு வருஷமும் மறுப்பார். அண்ணனுக்கு எதிர்ப்பேச்சு பேசமாட்டார் சித்தப்பா. என்னிடம் வந்து, "நங்கையா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்பார். அண்ணி என்று கூப்பிடமாட்டார், பழைய முறைப்படி நங்கையா என்றுதான். என்னைவிட ஒரு வயது பெரியவர், ஆனாலும் நான் நிற்கும்போது அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அந்த வருஷம் நான் உன்னையும் தூக்கிக்கொண்டு அம்மன் பண்டிகைக்காக அயோத்தியாப்பட்டணத்துக்கு, என் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் ஆசாரியிடம் அப்பா புது மாட்டுவண்டி ஒன்று செய்யக் கொடுத்திருந்தார். வண்டி தயாராகிவிட்டது. அதை ஓட்டிக்கொண்டு, அப்படியே நம்மையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று அப்பாவும் சித்தப்பாவும் காளைகளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வந்த அன்றைக்குத்தான் ஆத்தூர் ரோட்டு ஓரத்துக் காலி மைதானத்தில் ஏலம். எங்கிருந்தோ வந்து கொட்டகை போட்டிருந்த ஒரு சர்க்கஸ் கம்பெனி நொடித்துப் போயிருந்தது. சாமான்களைக் கோர்ட்டில் பிடித்து ஏலத்துக்கு விட்டிருந்தார்கள். ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, நாமும் போனோம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன்.

அங்கே கண்ட ஒரு காட்சி இன்றைக்கும் என் நினைவை விட்டுப் போகவில்லை. கோர்ட்டு அமீனா ஒவ்வொரு பொருளாகக் கூவிக்கொண்டு வந்தார். கித்தான், கம்பம், பெஞ்சுப் பலகை, ஒற்றைச் சக்கர சைக்கிள். அப்புறம் ஒரு மூட்டையைப் பிரித்தார்கள். உள்ளே குட்டிக் குட்டிச் சட்டைகள். பூப்போட்டது, சரிகை வைத்தது, கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்துத் தைத்தது. குழந்தைச் சட்டை என்று நினைத்துப் பெண்கள் முன்னால் நகர்ந்தார்கள். "நாய்ச் சட்டைங்க, ஆட்டம் ஆடற நாய்ங்களுக்குப் போடறது" என்றார் கம்பெனி ஆள். "நாயெல்லாம் எங்கப்பா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அந்த ஆள் காலியான கூண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். ஜனங்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியாக அந்த வெள்ளைக் குதிரையைக் கொண்டுவந்தார்கள். சாது என்றால் அப்படி ஒரு சாது. கண்ணில் மட்டும் ஒரு மிரட்சி. உன் சித்தப்பா அதைப் பார்த்த பார்வையைப் பார்த்து அப்பாவே கரைந்துவிட்டார். "சரி, கேளுடா" என்றார். ஆனாலும் நம் ஆட்கள் சுழி பார்க்காமல் குதிரை வாங்குவார்களா? கூட்டத்திலிருந்த ஒரு தரகரைக் கூப்பிட்டார்கள். உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களை அவர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நெற்றி, கழுத்து, மார்பு, விலா, பின்தொடை. வீட்டுக்கு ஆகாத சுழி இருந்தால் எசமானனைத் தின்றுவிடும் என்பார்கள். கொள்ளி வைக்கும் சுழி, பாடை கட்டும் சுழி என்று எத்தனையோ சொல்வார்கள். அவர் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து, "அப்பழுக்கில்லீங்க. இந்த மாதிரிச் சுழி சுத்தம் லட்சத்துல ஒண்ணு. கண்ண மூடிக்கிட்டு ஓட்டிட்டுப் போங்க" என்றார்.

மேல் உதட்டில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. ஆறிப்போன தழும்பு, அதன் மேல் மயிர்கூட முளைத்துவிட்டது. சித்தப்பா அதைத் தொட்டு, "இது என்னுங்க?" என்று கேட்டார். "முள்ளுக் கம்பி கிழிச்சிருக்கும்" என்றார் கம்பெனி ஆள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இப்போது உனக்கும் பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டோம். ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். நானும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் சுத்தம் என்று யாராவது அடித்துச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தழும்புதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. அதை மட்டும் என்னால் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் விடியலில் கிளம்பினோம். அப்பா வண்டி ஓட்டினார். நீயும் நானும் உள்ளே வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா குதிரையைக் கையில் பிடித்தபடி வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். ஏறி உட்காரச் சொன்னதற்கு, "மொதல் நாளே மேல ஏறுனா அது என்ன நெனச்சுக்கும்? பளகட்டும்" என்றார். சேலம் டவுனைத் தாண்டும்வரை தெருவெல்லாம் நின்று பார்த்தார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நீ வண்டியின் பின்பக்கம் கையை நீட்டி நீட்டிக் குதிரையைக் கூப்பிட்டாய். அது மூக்கை நீட்டி உன் விரலை முகர்ந்தது. உன் கையில் அப்போது சிரங்கு. வேப்பெண்ணெய் போட்டிருந்தேன்.

டவுனைத் தாண்டிய பிறகுதான் அதை நான் கவனித்தேன். குதிரை தன் மேல் உதட்டை வண்டியின் பின்சட்டத்தில் வைத்துத் தேய்த்தது. ஈ உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தேன். மறுபடி தேய்த்தது. நடந்துகொண்டே, விடாமல், அரிப்பு அடங்காத மாதிரி தேய்த்துக்கொண்டே வந்தது. புதுச் சட்டத்தில் ரத்தம் கோடாக இழுத்திருந்தது. "ஏனுங்க, சித்த வண்டிய நிறுத்துங்க" என்றேன். அப்பா இறங்கி வந்து பார்த்துவிட்டு, மஞ்சளைக் குழைத்துத் தடவச் சொன்னார். மல்லூரில் ஒரு கிணற்றடியில் நின்றோம். காளைகள் தொட்டியில் வாய் வைத்துக் குடித்தன. குதிரையும் ஆசையாகத்தான் வாயை வைத்தது. ஆனால் குடிக்கவில்லை. தண்ணீரை மென்றது, அம்முணி. புல்லை மெல்லுகிற மாதிரி மென்றது. மென்ற தண்ணீர் அப்படியே இரண்டு கடைவாயிலும் வழிந்து தொட்டியிலேயே விழுந்தது. சித்தப்பா சிரித்தார். "சர்க்கஸ்ல இருந்த குதிரைங்க நங்கையா. நம்ம ஊருத் தண்ணி எறங்க மாட்டேங்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஆண்டகளூர் கேட் பக்கத்தில் உறவுக்காரர் ஒருவர் தோட்டத்தில் தங்கினோம். குதிரையைக் கட்டுத்தரையில் கட்டினார்கள். பக்கத்தில் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வீட்டு நாய் வாலைக் காலுக்கிடையில் சுருட்டிக்கொண்டு சோளத்தட்டுப் போருக்கு அடியில் புகுந்தது. யார் கூப்பிட்டும் வெளியே வரவில்லை. குதிரை யாரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றது. ஒரு தடவை கனைத்தது. அது குதிரைக் குரலாகவே இல்லை. தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டார் காற்றை உறிஞ்சினால் ஒரு சத்தம் வருமே, அது மாதிரி இருந்தது. தோட்டத்துக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு வெள்ளன கெளம்பிருங்க மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

காலையில் குதிரையின் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. புல்லை வாயில் வைத்தால் வைத்தபடி இருந்தது, விழுங்க முடியவில்லை. "தொண்டையில என்னமோ அடச்சிருக்குதுங்கண்ணா. சோளக்கருதுச் சக்கையா இருக்கும்" என்றார் சித்தப்பா. மாட்டுக்கு இந்த மாதிரி அடைத்துக்கொண்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். அதைத்தான் செய்தார்கள். அப்பா குதிரையின் நாக்கைத் துணியால் பிடித்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டார். சித்தப்பா சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, முழங்கை மறைகிற மட்டும் கையை அதன் வாய்க்குள் விட்டுத் தேடினார். "ஒண்ணுமே தட்டுப்படலீங்களே" என்றார். கையை வெளியே எடுத்தபோது விரல் முட்டிகளில் பல் உராய்ந்து தோல் உரிந்திருந்தது. கடிக்கவில்லை. அது கடிக்கவே இல்லை, அம்முணி. பாவம், வாயைத் திறந்துகொண்டு நின்றது. நான் என் முந்தானையைக் கிழித்து அவர் கையில் கட்டினேன். நீ அழுதாய் என்று அதே கையால் உன்னைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்.

புதுச்சத்திரம் வருவதற்கு முன்னால் அது மாறிவிட்டது. திடீரென்று நின்று, தன் முன்னங்காலைத் தானே கடித்துச் சதையைப் பிய்த்தது. கயிற்றை உதறிக்கொண்டு வண்டிச் சக்கரத்தின் மேல் பாய்ந்து ஆரக்காலைக் கவ்வியது. காளைகள் மிரண்டு ரோட்டை விட்டு இறங்கின. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. சித்தப்பா உன்னை ஒரு கையாலும் என்னை ஒரு கையாலும் இழுத்து, ரோட்டோரத்தில் இருந்த மோட்டார் ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். நான் உன் கண்ணைப் பொத்திக்கொண்டேன். வெளியே வெகுநேரம் சத்தம் கேட்டது. சத்தம் நின்றபோது குதிரை வேப்பமரத்தடியில் செத்துக் கிடந்தது. அதற்குள் பஸ்காரர்கள் யாரோ சொல்லி, மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்திருந்தார். கிட்டே போகாமல் தள்ளி நின்றே பார்த்தார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "இதோட வாய்க்குள்ள கை விட்டது யாரு?" என்று கேட்டார்.

சித்தப்பா துணி கட்டிய கையை மெல்ல உயர்த்தினார். வகுப்பில் வாத்தியார் கேட்டால் பையன் தூக்குவானே, அந்த மாதிரி. அப்பாவும் கையைத் தூக்கினார். டாக்டர், குதிரை எங்கே வாங்கியது என்று விசாரித்துவிட்டு, "சர்க்கஸ்ல நாய் இருந்துதா?" என்று கேட்டார். அந்தப் பூப்போட்ட சட்டைகள் என் கண் முன்னால் வந்தன. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த நாய்களில் ஒன்றுக்கு வெறி பிடித்திருக்கிறது; அது கடித்த தழும்புதான் குதிரையின் உதட்டில் இருந்தது.

ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிக் குதிரையைப் புதைத்தார்கள். மறுநாளிலிருந்து நாலு பேருக்கும் தொப்புளைச் சுற்றி ஊசி. சின்ன வயதில் நாய் கடித்து உனக்கு ஊசி போட்டதாகச் சொல்லியிருக்கிறோமே, அது இந்த ஊசிதான். உன்னை எந்த நாயும் கடிக்கவில்லை. தினமும் பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, போட்டுக்கொண்டு வருவோம். வயிறு கட்டியாகிவிடும். நீ ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே கத்துவாய். சித்தப்பா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு, "எனக்கு மொதல்ல போடட்டும் சாமி, நா அளுவுறனான்னு நீ பாரு" என்பார். அழாமல் சிரித்துக் காட்டுவார்.

ஊசிகள் பாதிக்கு மேல் போனபோது அவர் காலில் பலம் குறைந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் மடிந்து உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. ஊசி போடும் டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். "ஆயிரத்துல ஒருத்தருக்கு இந்த ஊசி இப்படி நரம்பைத் தாக்கிடும். தொடர்ந்து போட்டா கை கால் மொத்தமா விழுந்திடலாம், உசிரேகூடப் போகலாம். நிறுத்திட்டா, அந்த விஷம் உள்ள இருந்தா தடுக்கறதுக்கு நம்மகிட்ட வேற எதுவும் இல்ல. இதுதான் சரின்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அவர் நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். அப்பா சித்தப்பாவிடம் வந்து அப்படியே சொன்னார். பெஞ்சில் படுத்திருந்த சித்தப்பா மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "நீங்க சொல்றதுங்கண்ணா" என்றார். அப்பா வராந்தாவின் அந்தக் கோடி வரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். வந்து, "நிறுத்திப்போடுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக உன் அப்பாவை நான் ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நீயும் கேட்கக் கூடாது. நாளைக்கு உன் வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் கிணறாக இருக்கிற ஒரு பாதையில் நிற்க நேரலாம், நீயே நிற்க நேரலாம். எடுத்த முடிவு நல்லபடி முடியாவிட்டால், அப்போதே நினைத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. பக்கத்தில் நின்றவர்களுக்கு அதைச் சொல்ல உரிமை இல்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

சித்தப்பா தேறிவிட்டார். மாசம் திரும்புவதற்குள் தடி ஊன்றி நடந்தார், அப்புறம் தடியையும் வீசிவிட்டார். தை அறுப்புக்கு ஆட்களோடு வயலில் இறங்கினார். கண்டம் கழிந்தது என்று ஊரே சொன்னது. ராசிபுரம் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பேசி முடித்தோம். நடந்ததை எல்லாம் அப்பா பெண் வீட்டில் ஒளிக்காமல் சொன்னார். "இத்தன மாசம் ஆயிருச்சு, இனி என்னுங்க?" என்றார் பெண்ணின் அப்பா. மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டும் என்று சித்தப்பாவே கேட்டார். அப்பாவுக்கு முகமே செத்துவிட்டது. "வேண்டாண்டா, கார் வெச்சுக்கலாம்" என்றார். சித்தப்பா, "அந்தச் சீவன் என்னுங்கண்ணா பண்ணுச்சு? அதையும் ஒரு நாய் கடிச்சுது. நம்மள மாதிரி அதுக்கும் ஒண்ணும் தெரியாது" என்றார். எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், இப்படி ஒரு மனசை நான் பார்க்கவில்லை.

முகூர்த்தக்கால் நட்ட அன்று அவர் பந்தல் காலின் மூங்கில் கணுவில் விரல் முட்டியைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். "என்னுங்க தம்பி?" என்றேன். "ஊறலா இருக்குதுங்க நங்கையா, ரெண்டு நாளா. மருதாணி ஒத்துக்கல போல" என்றார். மறுபடியும் தேய்த்தார். நடுவில் பேச்சை விட்டுவிட்டுத் தேய்த்தார். வண்டிச் சட்டத்தில் ரத்தம் கோடாக இழுத்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த தேங்காய்க் கூடையைக் கீழே வைத்தார். அப்புறம், "மருதாணியாத்தான் இருக்கும். நீ போயி வேலையப் பாரு புள்ள" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் சித்தப்பா இருந்த பக்கமே போகவில்லை. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும்.

அழைப்பன்று பொழுது இறங்குகிற நேரத்தில் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. தவிலும் நாதசுரமும் முன்னால் போயின. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகச் சித்தப்பா குதிரை மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆனால் முகம் வெளிறியிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் மூச்சு தடுமாறுகிற மாதிரி கழுத்தை இழுத்துக்கொண்டார். பெண் வீட்டார் எதிர்கொண்டு வந்தார்கள். வழக்கம்போல வெள்ளிச் செம்பிலிருந்து மாப்பிள்ளை மேல் பன்னீர் தெளித்தார்கள். முகத்தில் துளி பட்டதுதான் தாமதம், அவர் உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. குதிரை மிரண்டுவிட்டது என்று ஜனங்கள் கத்தினார்கள். குதிரை அசையாமல்தான் நின்றது. "மாப்பிள்ளைக்கு மயக்கம், தண்ணி குடுங்க" என்று யாரோ ஒரு தம்ளரை நீட்டினார்கள். தாகமாகத்தான் வாங்கினார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். அதற்கு மேல் கை போகவில்லை. தொண்டை அடைத்து, கண் பிதுங்கி, தம்ளர் கீழே விழுந்தது. உன் அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவரைக் குதிரையிலிருந்து வாரித் தூக்கிக்கொண்டார். மேளத்தை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. வாசித்தவர்களே ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள்.

சேலத்தில் தனி அறையில் வைத்திருந்தார்கள். நடுவில் நடுவில் புத்தி தெளிவாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. யாரும் கிட்டே வர வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஜன்னல் கம்பிக்கு வெளியே நாங்கள் நின்றோம். "அண்ணா, அந்தப் புள்ளையோட ராசி மேல ஆரும் பளி போட உட்றாதீங்க" என்றார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "கொளந்தைக்கு ஊசி எல்லாம் போட்டு முடிச்சாச்சுங்களா? ஒண்ணும் பாக்கி இல்லியே?" என்று கேட்டார். "ஒண்ணும் பாக்கியில்லடா" என்றார் அப்பா. "அது போதுமுங்க" என்றார். மறுநாள் விடியவில்லை அவருக்கு.

காரியம் முடிந்ததும் அப்பா நேராக அந்தப் பெண் வீட்டுக்குப் போனார். உறவுசனம் எல்லாம் கூடியிருந்த வாசலில் நின்று, குதிரையிலிருந்து தொடங்கி நடந்த அத்தனையையும் சொல்லிவிட்டு, இதில் பெண்ணின் ராசிக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தார். அதுதான் இதைப் பற்றி அவர் வாய்விட்டுப் பேசிய கடைசித் தடவை. அந்தப் பெண் மேச்சேரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கிறாள்.

ஆனால் உன் அப்பா அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டார். டாக்டர் உனக்கு இனி பயமில்லை என்று சொன்னார். அவர் நம்பவில்லை. சித்தப்பாவுக்கும் கண்டம் கழிந்தது என்றுதானே சொன்னார்கள்? நீ தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் செய்கிற வேலையை விட்டுவிட்டு உன்னைப் பார்ப்பார். முகத்தைப் பார்க்கமாட்டார், தொண்டையைப் பார்ப்பார். நீ குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விட்ட பேச்சைத் தொடுவார். முதல் ஒரு வருஷம் அப்படி இருந்தார், சரி என்று விட்டேன். நீ பள்ளிக்கூடம் போனாய், காலேஜ் போனாய், வேலைக்கும் போய்விட்டாய். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். விடுதியிலிருந்து நீ வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "புள்ளைக்குத் தண்ணி குடு" என்று அவர் ஏன் அவசரப்படுத்துகிறார் என்று நினைத்தாய்?

இனி நீ வேறு வீட்டில் தண்ணீர் குடிக்கப்போகிறாய். அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில். அன்றைக்கு அவர் சோற்றை விட்டு எழுந்து போனது குதிரைக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், அம்முணி. தாலி ஏறி, எல்லோரும் அட்சதை போட்டு முடிந்து, நீ எழுந்து வரும்போது உனக்கு நிச்சயம் தாகமாக இருக்கும். புகையில் தொண்டை வறண்டிருக்கும். யாராவது கலரோ காப்பியோ நீட்டுவார்கள். அதை வாங்காதே. அப்பா எங்கே நிற்கிறார் என்று தேடிப் போ. அவர் கையாலேயே ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி, அவர் பார்க்க, அவசரப்படாமல், முழுவதையும் குடித்து முடி.

உன்னைப் பெற்றவள்.